கறுப்படித்த பல்சக்கரம்

பாதிரியார் எவாரிஸ்தோ தன் சைக்கிளைக் கட்டில் போர்வையில் சுற்றித் தள்ளிக்கொண்டு பின்வாசல் வழியாக வந்தபோது, நான் பட்டறையில் உட்கார்ந்து மதிய சூப்புக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். போர்வைக்குக் கீழே இரண்டு சக்கரமும் பளிச்சென்று தெரிந்தன. உள்ளே இருப்பது சைக்கிள் என்று என் கோழிகளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். ஆனாலும் மனுஷன் அடிமேல் அடி வைத்து, அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, திருட வந்தவர் மாதிரி வந்தார்.

"லிஹியாம்மா, வீட்டுல யாரும் இல்லையே?"

"பார்மேனியோ தோட்டத்துக்குப் போயிருக்கார். என்ன ஃபாதர், சைக்கிளுக்குக் குளிருதா?"

அவர் சிரிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு என் பக்கத்தில் பெட்டியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது பாவசங்கீர்த்தனம் மாதிரி. இந்த நாலு சுவத்தைத் தாண்டக் கூடாது."

"முன்னால ஒரு சின்னப் பல்சக்கரம் வேணும். பெரிசுக்குப் பின்னாடி, உள்பக்கமா. வெளிய தெரியாம கறுப்பு அடிச்சுத் தரணும். அதானே?" என்றேன்.

அவர் வாயைப் பிளந்தார். "உங்களுக்கு யார் சொன்னா?"

"உங்க மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கு."

"ஒண்ணே ஒண்ணு. பார்மேனியோவுக்கு மட்டும் தெரியக் கூடாது. அவர் என்னைப் பத்தி என்ன நினைப்பார்?" என்றவரின் கண் மூலைக்குப் போனது. அங்கே தாங்குகட்டையில் ஒரு சைக்கிள், மேலே பழுப்புக் கம்பளி ரூவானாப் போர்வை போர்த்தி நின்றது. "அது யாருது?"

"அதுவும் ஒரு பாவியோடதுதான் ஃபாதர்."

ரூவானாவுக்கு அடியில் இருந்தது என் புருஷன் பார்மேனியோவின் சைக்கிள். அதன் உள்சக்கரத்துக்கு அன்று காலைதான் கறுப்பு அடித்துக் காய வைத்திருந்தேன்.

பெனா நெக்ரா ஊரில் சைக்கிள் பட்டறை என்றால் என்னுடையதுதான். போயாக்கா மலையில் எங்கே வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், லிஹியா பூட்டிய செயின் அறுந்தது என்று ஒரு ஆள் சொல்லட்டும், நான் கடையை மூடிவிடுகிறேன். இருபத்தேழு வருஷமாக இந்தக் கையில் கிரீஸ் போனதில்லை. கல்யாணத்தன்று மட்டும் எலுமிச்சையும் சாம்பலும் வைத்துத் தேய்த்தேன், அப்போதும் நக ஓரத்தில் கறுப்பு நின்றது. பார்மேனியோ அந்தக் கையைப் பிடித்துத்தான் மோதிரம் போட்டார். அதைப் பார்த்துச் சிரித்தவர்களிடம், இந்தக் கை இருந்தால் மெக்கானிக் செலவு மிச்சம் என்றார். எங்கள் பக்கம் புருஷனும் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் 'நீங்க' என்றுதான் பேசுவோம், சண்டையில்கூட. அதனால் எங்கள் வீட்டுச் சண்டையை வெளியிலிருந்து கேட்பவர்கள் விருந்தாளி வந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஜூலை பதினாறு கார்மேல் மாதா திருவிழா. லாரி ஓட்டுபவர்கள், பஸ் ஓட்டுபவர்கள், சைக்கிள்காரர்கள் எல்லோருக்கும் அவள்தான் காவல். அன்று எங்கள் ஊர் ஆண்கள் மலை உச்சியில் இருக்கும் அவள் கோயிலுக்குச் சைக்கிளில் போவார்கள். முதலில் பள்ளத்தாக்கில் பதினான்கு கிலோமீட்டர் சமதளம், எதிர்காற்று. பிறகு பதினொரு கிலோமீட்டர் ஏற்றம். முழ உயர மரச் சிற்பமான மாதாவை ஒருவர் முதுகில் கட்டிக்கொண்டு போவார், மாதாவின் முகம் பின்னால் வருகிறவர்களைப் பார்த்தபடி இருக்கும். யார் அதிக வருஷம் தொடர்ந்து கால் ஊன்றாமல் ஏறியிருக்கிறாரோ அவருக்குத்தான் அந்த உரிமை. வழியில் ஒரு கால் தரையில் பட்டால் போச்சு, அந்த இடத்திலேயே கயிற்றை அவிழ்த்து மாதாவை அடுத்தவரிடம் கொடுத்துவிட வேண்டும். பார்மேனியோ இருபத்துமூன்று வருஷம் சுமந்தவர். அடுத்த இடத்தில் கசாப்புக்கடை அன்செல்மோ, இருபத்தொரு வருஷமாகக் கால் ஊன்றாமல், என் புருஷனின் பின்சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே ஏறுகிறவர்.

இதில் சின்னப் பல்சக்கரத்துக்கு என்ன வெட்கம் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். எங்கள் ஆட்களிடம் கேட்டால் கோபம் வரும். முன்னால் பெரியது, பின்னால் சின்னது, அதை நின்று மிதிக்கிறவன்தான் ஆண்பிள்ளை. சின்னது போட்டுக்கொண்டு உட்கார்ந்து சுற்றுகிறவன் போகோத்தாவிலிருந்து வரும் சுற்றுலாக்காரன். இந்தப் பேச்சை ஊரில் அதிகம் பேசியது சாட்சாத் என் புருஷன்தான். "சின்னச் சக்கரம் வேணும்னா பாவாடை கட்டிக்கிட்டுப் போங்கடா" என்று என் பட்டறை வாசலிலேயே உட்கார்ந்து சொல்வார். ஒரு நாள் பொறுக்க முடியாமல், "பாவாடை கட்டினவதான் இருபத்தேழு வருஷமா உங்க சைக்கிளை ஓட வெச்சுக்கிட்டிருக்கா" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். ஆனால் பேச்சை விடவில்லை.

போன செப்டம்பரில் அவருக்கு வலது முழங்காலில் அறுவை செய்தார்கள். துயித்தாமா ஊர் டாக்டர், "சைக்கிள் ஓட்டுங்க, நல்லது. ஆனா லேசா மிதிக்கணும், அழுத்தி மிதிச்சா மறுபடி இங்கதான் வரணும்" என்றார். பார்மேனியோ தலையாட்டினார். வீட்டுக்கு வந்ததும் அந்த டாக்டருக்கு மலை தெரியாது என்றார்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை யாரிடமும் சொல்லாமல் தனியாக மலைக்குப் போனார். பதினொரு மணிக்கு என் சிநேகிதி ஹெர்சிலியாவின் பால் லாரி பட்டறை வாசலில் நின்றது. பின்னால் பால் கேன்களுக்கு நடுவே இவருடைய சைக்கிள், அதற்குப் பக்கத்தில் இவர், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு.

"பஞ்சர்" என்றார்.

ஹெர்சிலியா என்னைப் பார்த்துக் கண்ணை மட்டும் உருட்டினாள். நான் சைக்கிளை இறக்கும்போது இரண்டு டயரையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தன. அவர் கேன்மேல் உட்கார்ந்து வந்ததுகூடப் பரவாயில்லை, என்னிடம் பஞ்சர் என்று பொய் சொன்னார் பாருங்கள், அதுதான் வலித்தது. ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் அந்தப் பொய்யைச் சொல்லலாம், என்னிடமா?

மறுநாள் காலை எழுந்தபோது அவருடைய சைக்கிள் என் தாங்குகட்டையில் ஏறியிருந்தது. ஆள் தோட்டத்துக்குப் போய்விட்டார். கேட்பது என்றால் அவர் இப்படித்தான் கேட்பார்.

அந்த வேலையைப் பற்றி நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ளத்தான் போகிறேன். சின்னச் சக்கரம் மட்டும் போட்டுக் கொடுப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை, யாரும் செய்வார்கள். ஆனால் மலைக்கு முன்னால் அந்தப் பதினான்கு கிலோமீட்டர் சமதளம் இருக்கிறதே, அங்கே கூட்டம் யாருக்கும் காத்திருக்காது. சின்னச் சக்கரத்தோடு போனால் காலைச் சுற்றிச் சுற்றி மலையடிவாரம் போய்ச் சேரும்போது மற்றவர்கள் கோயிலில் சூப் குடித்துக்கொண்டிருப்பார்கள். அவருக்குப் பெரியதும் வேண்டும், சின்னதும் வேண்டும். மூன்று பல்சக்கரம் பூட்டும் பழைய மலைச் சைக்கிள் மிதி ஒன்று என்னிடம் கிடந்தது. அதில் நடுச் சக்கரத்தை எடுத்து வீசினேன். வெளியே ஐம்பது பல், உள்ளே இருபத்தெட்டு. இரண்டுக்கும் நடுவே இருபத்திரண்டு பல் பள்ளம். அவ்வளவு ஆழத்துக்குச் செயின் ஒழுங்காக இறங்காது என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். முன்னால் செயினைத் தள்ளும் தகட்டை நான் அரத்தால் ராவி, கொஞ்சம் வளைத்து, மறுபடி ராவி, மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டினேன். நான்காம் நாள் இறங்கியது. பின்னால் கடைசிப் பல்சக்கரம் முப்பத்துநான்கு. முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்துநான்கு என்று வைத்தால், மிதி ஒரு சுற்று வரும்போது சக்கரம் ஒரு சுற்றுகூட முழுசாக வராது. அந்த மலையை அதில் மாடுகூட ஏறிவிடும்.

இதே வேலையை அந்த மூன்று மாதத்தில் இன்னும் ஆறு பேருக்குச் செய்தேன். கடைசியாக வந்தவர்தான் பாதிரியார். ஆறு பேரும் பின்வாசல் வழியாக வந்தார்கள், ஆறு பேரும் கறுப்படிக்கச் சொன்னார்கள், ஆறு பேரும் போகும்போது சொன்னது ஒரே வாக்கியம்: "பார்மேனியோவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்." ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் புருஷனின் பாரம் பாதி குறைந்திருக்கும். பத்துத் தடவை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாக்குக் கொடுத்தாயிற்று. பட்டறை வைத்திருப்பவளுக்குக் கை சுத்தமாக இல்லாவிட்டாலும் வாய் சுத்தமாக இருக்க வேண்டும்.

ஜூன் மாதம் சைக்கிளைத் தாங்குகட்டையிலிருந்து இறக்கிக் கொடுத்தேன். பார்மேனியோ குனிந்து பார்த்தார். உள்சக்கரத்தைப் பார்க்காத மாதிரியே பார்த்தார். பிறகு குற்றம் கண்டுபிடிக்க ஒன்று கிடைத்துவிட்டது.

"செயின் தொங்குது."

"தொங்கட்டும்."

"சின்னதுல போட்டா வயிறு தள்ளின மாதிரி தொங்குதே. வேலை தெரியாதவ பூட்டின மாதிரி இருக்கு. ரெண்டு கண்ணி எடுத்துடுங்க."

என்னைப் பார்த்து வேலை தெரியாதவ! ஸ்பேனரைக் கீழே வைத்தேன். "எடுக்க மாட்டேன். நீங்க முன்னால பெரிசை விடாம வெச்சுக்கிட்டே, பின்னாலயும் கடைசிப் பெரிய பல்லுக்கு ஏத்துவீங்க. ரெண்டும் பெரிசா இருந்தா செயின் எட்டாம இழுபட்டு, அதைப் பின்னால இழுத்துப் பிடிக்கிற பின்கையைப் பிச்சுக்கிட்டுப் போயிடும். அதுக்குத்தான் அந்த ரெண்டு கண்ணி."

"அப்படி நான் ஏன் செய்யப் போறேன்? புத்தி கெட்டவனா நான்?"

"புத்தி இருக்கு. வீம்பும் இருக்கு. மாதா மேல சத்தியம் பண்ணுங்க, செய்ய மாட்டேன்னு. இப்பவே ரெண்டு கண்ணியையும் கழட்டிடறேன்."

அவர் வெல்லத் தண்ணீர்க் கோப்பையை எடுத்து, எங்கள் பக்கத்து வழக்கப்படி அதில் போட்டிருந்த பாலாடைக்கட்டியை ஸ்பூனால் நோண்டிக்கொண்டிருந்தார். சத்தியம் பண்ணவில்லை.

"இன்னொண்ணு கேளுங்க. சின்னதுக்கு இறக்கும்போது மிதியை அழுத்திக்கிட்டே இருந்தா செயின் இறங்காது. அரை மூச்சு நேரம் காலைத் தளர்த்தணும். கால் சும்மா சுத்தணும், அவ்வளவுதான்."

"ஏத்தத்துல காலைத் தளர்த்தினா சைக்கிள் நின்னுடும்."

"அரை மூச்சுதான். நிக்காது."

"நாப்பது வருஷமா நான் தளர்த்தினதே இல்ல" என்றார். அதைப் பெருமையாகத்தான் சொன்னார், ஆனால் கையால் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

திருவிழாவன்று ஹெர்சிலியா தன் பால் லாரியைக் காகிதப் பூவும் பலூனும் கட்டி அலங்கரித்திருந்தாள். நான் அவள் பக்கத்தில் ஏறிக்கொண்டேன். பூசை முடிந்து பாதிரியார் வெளியே வந்து எல்லாச் சைக்கிள்மீதும் தீர்த்தம் தெளித்தார். தன்னுடையதன்மீது கொஞ்சம் அதிகமாகவே தெளித்தார். பிறகு அங்கியைக் கழற்றிவிட்டு அவரும் கால்சட்டையோடு வரிசையில் நின்றார். பார்மேனியோவின் முதுகில் மாதாவைக் கட்டியது நான்தான். நெஞ்சுக்குக் குறுக்கே கயிற்றை இழுக்கும்போது அவர் இதயம் அடிப்பது என் விரலுக்குத் தெரிந்தது.

அன்செல்மோ பக்கத்தில் வந்து நின்றார். "முழங்கால் எப்படி இருக்கு பார்மேனியோ? கயித்தை ரொம்ப இறுக்கிக் கட்டாதீங்க லிஹியா, வழியில அவுக்கச் சிரமமாயிடும்."

"உங்க கைக்கு எதுக்குச் சிரமம்? பன்னிக் கால் கட்டற கையாச்சே, அதையே அவுத்துக்கிட்டிருக்கட்டும்" என்றேன். கூட்டம் சிரித்தது. பார்மேனியோ சிரிக்கவில்லை.

சமதளத்தில் நான் நினைத்தபடியே எல்லாம் நடந்தது. எதிர்காற்றில் முன்னால் போய், ஐம்பது பல்லை அநாயாசமாகச் சுற்றிக்கொண்டு, கூட்டத்தையே இழுத்துப் போனார். லாரிகள் எல்லாம் ஹார்ன் அடித்தன. ஹெர்சிலியா ஸ்டியரிங்கைக் குத்தி, "உன் ஆளு இன்னிக்குப் பறக்கறாரு!" என்று கத்தினாள். ஏற்றத்தின் முதல் பத்துக் கிலோமீட்டரிலும் குறையில்லை. பின்பல்லை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டார். முன்னால் பெரியதை விட்டு இறங்கவேயில்லை. சின்னதுக்கு இறக்குங்கள், இப்போதே இறக்குங்கள் என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு சுவர் வந்தது. கோயிலுக்கு முந்தைய நானூறு மீட்டரை நாங்கள் சுவர் என்றுதான் சொல்வோம், அவ்வளவு செங்குத்து. அங்கே பிரேக் அறுந்து உருண்டுபோன ஓட்டுநர்களுக்காகச் சிலுவைகள் வரிசையாக நிற்கும். அதனால் சுவரில் யாரும் ஹார்ன் அடிப்பதில்லை, பேசுவதில்லை, பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. லாரிகள் முதல் கியரில் மெதுவாக உறுமிக்கொண்டு பின்னால் வரும், சுவர் தொடங்கும் இடத்தில் எஞ்சினை நிறுத்திவிடுவார்கள். நாங்கள் இறங்கிச் சைக்கிள்களுக்குப் பின்னால் நடந்து ஏறுவோம். அன்று பனி இறங்கியிருந்தது. எல்லோருடைய மூச்சும் செயின் ஓடும் சத்தமும் மட்டும்தான் கேட்டன. அந்த அமைதியில் ஒருவன் கியரை இறக்கினால் கடைசி ஆள்வரை கேட்கும். சின்னச் சக்கரம் வைத்திருந்த ஒருவரும் அதனால்தான் அதைத் தொடவில்லை. ஏழு பேரும் கறுப்படித்த சக்கரத்தை உள்ளே வைத்துக்கொண்டு, பெரியதையே நின்று மிதித்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். பாதிரியாரின் பின்கழுத்து பீட்ரூட் நிறமாகிவிட்டது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பாதிச் சுவரில் பார்மேனியோ கடைசிப் பல்லுக்கு ஏற்றினார். முன்னால் பெரியது, பின்னாலும் பெரியது. செய்ய மாட்டேன் என்று சத்தியம் பண்ணாததை அப்படியே செய்தார். செயின் கம்பி மாதிரி விறைத்தது, பின்கை முழுக்க நீண்டு முன்னால் இழுபட்டது. ஆனால் பிய்யவில்லை. அந்த இரண்டு கண்ணி தாங்கியது. இந்த மனுஷனை இருபத்தேழு வருஷமாக எனக்குத் தெரியும், அவர் வீம்புக்குச் சரியாக இரண்டு கண்ணி நீளம் என்று அளந்து வைத்தவள் நான்.

ஆனால் செயின் தாங்கினால் போதுமா? கால் தாங்க வேண்டுமே. வலது கால் கீழே வரும்போதெல்லாம் அவர் தோள் துடித்தது. சைக்கிள் இடமும் வலமும் அலைந்தது. மாதா அவர் முதுகில் தள்ளாடினாள். அன்செல்மோ பக்கவாட்டில் வந்தார். அவரும் நின்றுதான் மிதித்தார், மூச்சு வாங்கியது. ஆனாலும் ஒரு கையை எடுத்துக் கயிற்று முடிச்சைக் காட்டினார், கொடுத்துவிடு என்று. பார்மேனியோவின் வலது கால் மிதியை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். ஹெர்சிலியா என் இன்னொரு கையை நசுக்கினாள்.

அந்தக் கால் தரைக்குப் போகவில்லை. திரும்ப மிதிமேல் வந்து உட்கார்ந்தது. அவர் இருக்கையில் உட்கார்ந்தார். நாற்பது வருஷமாக அந்தச் சுவரில் உட்காராதவர். முதுகு தளர்ந்ததைப் பார்த்தேன், கால் அரை மூச்சு நேரம் சும்மா சுற்றியது, சைக்கிள் கிட்டத்தட்ட நின்றேபோனது.

டக்.

பனியில் அந்தச் சத்தம் சிலுவைகள்வரை கேட்டது. ஊருக்கே தெரிந்துவிட்டது. பார்மேனியோவின் கால்கள் மாவு அரைக்கும் இயந்திரம் மாதிரி சின்னச் சின்ன வட்டமாகச் சுற்ற ஆரம்பித்தன, சைக்கிள் நேரானது, மாதா முதுகில் நிமிர்ந்தாள். அவர் தலையைக் குனியவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. காது நுனிவரை சிவந்து, நேரே மேலே பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். என் புருஷன் ஐயா அது! இருபத்துமூன்று வருஷம் அவரை மேலே பார்த்துப் பெருமைப்பட்டதெல்லாம் அந்த ஒரு சத்தத்துக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பிறகு பாதிரியாரிடமிருந்து ஒரு டக். அவருக்குப் பின்னால் இன்னொன்று. ஓரமாக வந்தவரிடமிருந்து ஒன்று. பூட்டியவளுக்குத் தெரியாதா? ஒவ்வொரு சத்தமும் யாருடையது என்று நான் விரல் விட்டு எண்ணினேன். நாலு, அஞ்சு, ஆறு. பார்மேனியோவோடு ஏழு. பின்னால் திரும்பாமலேயே அவர் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பின்னாலிருந்து எனக்குத் தெரியவில்லை. மாதா மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டு மேலே போனாள்.

ஏழோடு முடிந்தது என்று விரலை மடக்கியபோது எட்டாவதாக ஒன்று கேட்டது. டக் என்று விழாமல் கர்ரென்று உராய்ந்து, தயங்கி, ஒருவழியாக உட்கார்ந்த சத்தம். அது என் கை வேலையே இல்லை. சொகமோசோவில் எவனோ அரைகுறையாகப் பூட்டிக் கொடுத்தது. பனிக்குள் பார்த்தேன். அன்செல்மோ கழுத்தைக் குனிந்துகொண்டு, என் புருஷனின் பின்சக்கரத்துக்குப் பின்னால், கர் கர்ரென்று சின்னச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார்.